பெரிய பிரேம் ரிவால்வருக்கு மாற்றுக் கைப்பிடி: தேர்விலிருந்து பொருத்துதல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பெரிய பிரேம் (உலோக உடற்சட்டம்) கொண்ட ரிவால்வருடன் தொழிற்சாலையிலிருந்து வரும் கைப்பிடி, பலருடைய கைகளுக்கும் ஓரளவு பொருந்தட்டும் என்ற கணக்கில் செய்யப்படுவது. சராசரிக் கை உடையவருக்கு அது போதும். விரல்கள் குட்டையானவருக்கும் உள்ளங்கை மிக அகன்றவருக்கும் போதாது. .38 ஸ்பெஷல் போன்ற மிதமான தோட்டாவைச் சுடும் நடுத்தர ரிவால்வரில் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். .44 மேக்னம், .45 கோல்ட், .41 மேக்னம் போன்றவற்றைச் சுடும் கனமான ரிவால்வரில் அதே குறை, குறி தவறுவதற்கும் விரல் முட்டியில் அடிபடுவதற்கும் சுடுபவருக்குள் அச்சம் படிவதற்கும் காரணமாகிறது. ஆகவே கைப்பிடியை மாற்ற நினைப்பவர் மரத்தின் நிறத்தையும் ரேகையையும் கடைசியில் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியவை பிரேமின் அளவு, பின்தண்டிலிருந்து (கைப்பிடித் தண்டின் பின்புறம்) விசை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதி) வரையுள்ள தூரம், சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் பின்னுதைப்பு கையில் இறங்கும் இடம் ஆகிய மூன்றுமே. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் செல்கிறது.

எந்தக் கட்டத்திலும் மாறாத விதி ஒன்று உண்டு. கைப்பிடியை அளக்கவோ கழற்றவோ பிடித்துப் பார்க்கவோ தொடங்கும் முன், சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் காலி என்று உறுதி செய்ய வேண்டும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கைப்பிடியை மாற்றுவது பெரும்பாலும் துப்பாக்கியின் சட்டநிலையைப் பாதிப்பதில்லை என்றாலும், உரிமத்தின் நிபந்தனைகள் நாட்டுக்கு நாடு மாறுவதால் தமக்குரிய விதிகளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

முதல் படி: பிரேமையும் அடிப்பகுதியின் வடிவத்தையும் அடையாளம் காணுதல்

தவறான கைப்பிடியை வாங்குபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ரிவால்வரின் பெயரோ தோட்டாவின் அளவோ கைப்பிடியைத் தீர்மானிப்பதில்லை. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் உலோகத் தண்டின் வடிவமே தீர்மானிக்கிறது. ஒரே .357 மேக்னம் தோட்டாவைச் சுடும் ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்கள் கே, எல், என் ஆகிய மூன்று பிரேம்களிலும் வந்துள்ளன. இவற்றில் கே, எல் இரண்டின் கைப்பிடித் தண்டும் ஒரே அளவு; என் பிரேமின் தண்டு அவற்றினும் வேறானது.

ஸ்மித் அண்ட் வெசனின் என் பிரேம் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டின் இறுதியில் .44 ஸ்பெஷல் தோட்டாவுடன் அறிமுகமானது. 1935இல் .357 மேக்னமும், 1955இன் இறுதியில் .44 மேக்னமும் இதே பிரேமில்தான் பிறந்தன; பிற்காலத்தில் மாடல் 27, மாடல் 29 என்று எண் பெற்றவை இவையே. இந்தப் பிரேமில் கவனிக்க வேண்டியது அடிப்பகுதியின் வடிவம். பழைய என் பிரேம்களின் தண்டு, கீழ்ப்பின் மூலையில் ஏறக்குறையச் சதுரமாக முடியும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து உருண்டை அடியே பொதுவழக்காயிற்று. உருண்டை அடித் தண்டின்மேல் சதுர வடிவக் கைப்பிடியைப் பொருத்த முடியும். அதற்கென்றே உள்ளே கூடுதல் மரம் விட்டுச் செய்யப்படும் கைப்பிடிகள் கிடைக்கின்றன. சதுர அடித் தண்டின்மேல் உருண்டை அடிக் கைப்பிடி பொருந்தாது. தண்டின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உற்பத்தி ஆண்டை வைத்து ஊகிப்பதைவிட, இப்போதுள்ள கைப்பிடியைக் கழற்றித் தண்டைக் கண்ணால் பார்ப்பதே நம்பகமான வழி.

2003இல் வந்த மாடல் 500 ரிவால்வரின் எக்ஸ் பிரேம் இந்த விஷயத்தில் எதிர்பாராத ஒன்றைச் செய்கிறது. உருவத்தில் என் பிரேமை விடப் பெரியதாக இருந்தும், அதன் கைப்பிடித் தண்டு கே, எல் பிரேம்களின் உருண்டை அடித் தண்டின் அளவையே பின்பற்றுகிறது. பெரிய ரிவால்வருக்குப் பெரிய தண்டு இருக்கும் என்ற ஊகம் இங்கே பொய்த்துப்போகிறது. இதில் ஒரு நன்மையும் உண்டு: எக்ஸ் பிரேமுக்காகச் செய்யப்பட்ட, பின்தண்டை மூடும் மெத்தென்ற ரப்பர் கைப்பிடியை உருண்டை அடி கொண்ட கே, எல் ரிவால்வர்களிலும் பயன்படுத்தலாம்.

ரூகர் நிறுவனத்தின் ரிவால்வர்களில் பெயர்களே குழப்புகின்றன. 1979இல் வந்த ரெட்ஹாக், பின்தண்டும் முன்தண்டும் கொண்ட வழக்கமான தண்டமைப்பை உடையது. 1987இல் வந்த சூப்பர் ரெட்ஹாக்கில் தண்டுக்குப் பதிலாக ஒரு சிறிய முளை மட்டுமே பிரேமிலிருந்து கீழே இறங்குகிறது. கைப்பிடி அந்த முளையைச் சுற்றி அமைகிறது. ரெட்ஹாக்கின் கைப்பிடி சூப்பர் ரெட்ஹாக்கிற்குப் பொருந்தாது. அதே நிறுவனத்தின் ஜிபி100 ரிவால்வருடைய கைப்பிடி பொருந்தும். முளையமைப்பின் பெரிய நன்மை வடிவச் சுதந்திரம். உலோகத் தண்டு கட்டாயப்படுத்தும் அளவு எதுவும் இல்லாததால், மெலிந்த கைப்பிடியையும் தடித்த கைப்பிடியையும் கைவினைஞர் தம் விருப்பப்படி செதுக்கலாம். அடியிலிருந்து ஒரே திருகால் கைப்பிடியை இறுக்கும் டான் வெசன் ரிவால்வர்களிலும் இதே சுதந்திரம் உண்டு.

கோல்ட் நிறுவனத்தின் அனகோண்டா 1990இல் முதலில் வந்தது. 2021இல் மறுபடியும் வெளியானபோது அதே நிறுவனத்தின் பைத்தான் ரிவால்வருடைய கைப்பிடிகளை ஏற்கும் வகையில் அமைக்கப்பட்டது. எனவே அனகோண்டா வைத்திருப்பவர் எந்தத் தலைமுறை என்பதைச் சொல்லாமல் கைப்பிடிக்கு விலை கேட்பதில் பயனில்லை.

இரண்டாம் படி: விசை வரையுள்ள தூரத்தை அளத்தல்

கையில் எடுத்தவுடன் சுகமாக இருக்கும் கைப்பிடி நல்ல கைப்பிடி என்ற எண்ணம் பரவலாக உள்ளது. என் கணிப்பில் இதைப் போல் ஏமாற்றும் அளவுகோல் வேறில்லை. சுகம் என்பது உள்ளங்கை நிறைவதால் வருவது. ஆனால் உள்ளங்கையை நிறைக்கும் அதே தடிமன் ஆள்காட்டி விரலை விசையிலிருந்து விலக்கிவிடுகிறது. அந்த விலகல் சுடும்போதுதான் தெரியவரும்.

அளக்கும் முறை எளிது. காலி என்று உறுதி செய்த ரிவால்வரின் பின்தண்டை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டையின் மையத்தில் வைத்து, குழலும் முன்கை எலும்பும் ஒரே நேர்கோட்டில் வருமாறு பிடிக்க வேண்டும். கவட்டை, தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் சுத்தியலின் இயக்கத்திற்கு இடையூறு இல்லாத அளவில், இயன்றவரை மேலே ஏற வேண்டும். இந்தப் பிடியைச் சிறிதும் மாற்றாமல் ஆள்காட்டி விரலை விசைமேல் வைத்து, விரலின் எந்தப் பகுதி விசையைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். சுத்தியலைப் பின்னிழுக்காமல் விசையை மட்டுமே இழுத்துச் சுடும் இரட்டைச் செயல் முறையில், விசை முன்னால் நிற்கும். இழுவையும் நீளமும் கனமும் கொண்டது. அதற்கு விரலின் முதல் மூட்டு மடிப்போ அதை ஒட்டிய பகுதியோ விசைமேல் அமைவது நல்லது. சுத்தியலை முன்கூட்டியே பின்னிழுத்துச் சுடும் ஒற்றைச் செயல் முறையில் விசை ஏற்கனவே பின்னால் வந்திருப்பதால் விரல்நுனிச் சதையே போதும்.

விரல்நுனி மட்டுமே எட்டுகிறது என்றால், அல்லது எட்டுவதற்காகத் துப்பாக்கியைக் கையில் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால், பின்தண்டை மூடாமல் திறந்து விடும் கைப்பிடியே தேவை. கைப்பிடியின் இரு பக்கத் தகடுகளும் விசைக்கு நேரே மெலிந்திருக்க வேண்டும். விரல் செல்லும் வழியில் உள்ள தடிமனும் தூரத்தைக் கூட்டுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாறாக, விரல் விசையைத் தாண்டி மறுபக்கம் பிரேமில் முட்டுகிறது என்றால் பின்தண்டை மூடும் கைப்பிடி பொருத்தமானது. அது தூரத்தைச் சில மில்லிமீட்டர் கூட்டித் தரும். கேட்கச் சிறிய அளவுதான். ஆனால் விரல் மடிப்பு விசைமேல் அமைவதா விலகுவதா என்பதை முடிவு செய்ய அவ்வளவே போதும்.

சுற்றளவையும் உடனே பார்த்துவிடலாம். நடுவிரலும் மோதிர விரலும் கைப்பிடியைச் சுற்றி வந்து, அவற்றின் நுனிகள் கட்டைவிரலின் அடிச்சதையை நெருங்கி நிற்க வேண்டும். நுனிகள் உள்ளங்கையில் குத்தினால் கைப்பிடி மெலிது; பாதி வழியிலேயே நின்றுவிட்டால் தடிமன் அதிகம். தொலைவிலிருந்து செய்வித்து வாங்குபவர்கள் கையின் வெளிக்கோட்டைத் தாளில் வரைந்து அனுப்புவது பழைய, பயனுள்ள பழக்கம். அமெரிக்காவின் ஹெரெட்ஸ் நிறுவனம் அத்தகைய கை வரைபடத்தை வைத்தே கைப்பிடி செய்து கொடுத்துப் புகழ் பெற்றது. விலை கொடுக்கும் முன் வேறொரு சோதனையும் செய்து பார்க்கலாம்: இப்போதுள்ள கைப்பிடிமேல் ஒட்டும் துணிப்பட்டையைச் சிறிது சிறிதாகச் சுற்றி, எந்த இடத்தில் தடிமன் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று கண்டுபிடித்து, அந்த அளவுகளைக் குறித்துக்கொள்வது.

மூன்றாம் படி: பின்னுதைப்புக்கு ஏற்ற வடிவத்தைத் தேர்தல்

குழல், பிடிக்கும் கைக்கு மேலே இருப்பதால், சுடும் கணத்தில் ரிவால்வர் பின்னால் தள்ளுவதோடு நிற்காமல் மேல்நோக்கியும் சுழல்கிறது. இந்த இரண்டு அசைவுகளையும் கைப்பிடி வெவ்வேறு இடங்களில் ஏற்க வேண்டும். பின்தள்ளலை ஏற்பது கவட்டையும் உள்ளங்கையின் மேற்பகுதியும். மெல்லிய பின்தண்டு அந்தத் தள்ளலைக் குறுகிய கோடு ஒன்றில் குவிக்கும். அகலமான பின்புறம் அதைப் பரப்பிவிடும். மேல்நோக்கிய சுழற்சியால் கைப்பிடி கைக்குள் வழுக்கி இறங்க, விசைக்காப்பு வளையத்தின் பின்புறம் நடுவிரலின் முட்டியில் வந்து இடிக்கிறது. கனமான தோட்டாவைச் சுட்டுவிட்டு விரலை உதறுபவர்களில் பலரை வருத்துவது உள்ளங்கை வலியைவிட இந்த இடிதான்.

இதற்கான தீர்வு, விசைக்காப்புக்கும் முன்தண்டுக்கும் இடையிலுள்ள குழிவை நிரப்பும் கைப்பிடி. பழைய ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்களின் மெல்லிய மேக்னா கைப்பிடிகள் அந்தக் குழிவை அப்படியே விட்டுவிட்டன. டைலர் டி-கிரிப் எனப்படும் சிறிய உலோக இணைப்பு, மூலக் கைப்பிடியைக் கழற்றி எறியாமலே அந்த இடத்தை நிரப்புவதற்கு உருவானது. பழைய துப்பாக்கியின் தோற்றம் கெடாமல் பிடியை மட்டும் சீராக்க நினைப்பவருக்கு இன்றும் இதுவே மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் வழி.

மாடல் 29 போன்றவற்றுடன் வந்த பெரிய டார்கெட் கைப்பிடிகள் வேறு திசையில் சென்றன. அவை மேலே மெலிந்து அடியில் விரிகின்றன. பார்ப்பதற்குக் கம்பீரமானவை; நின்ற நிலையில் நிதானமாக ஒற்றைச் செயலில் சுடுபவருக்கு ஏற்றவையும்கூட. ஆனால் கையை மூடிப் பார்த்தால், வலுவான நடுவிரல் வளையும் இடத்தில்தான் வெற்றிடம் அதிகம் இருப்பதும், குட்டையும் வலுக்குறைவுமான சுண்டுவிரலுக்கு வெற்றிடம் குறைவாக இருப்பதும் தெரியும். அடியில் விரியும் கைப்பிடி இதற்கு நேர்மாறாக, தடிமனைச் சுண்டுவிரலிடம் கொடுக்கிறது. சிறிய, நடுத்தரக் கைகளுக்கு, நடுவில் புடைத்து அடியில் ஒடுங்கும் வடிவமே இரட்டைச் செயலில் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. பெரிய கை உடையவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அவர்களுக்கு அடி விரிவு கை நழுவாமல் தாங்கும் நிறுத்தமாகப் பயன்படுகிறது.

விரல் பள்ளங்களைப் பற்றி எச்சரிக்கையோடு முடிவெடுக்க வேண்டும். பள்ளங்களின் இடைவெளி தம் விரல்களுக்குப் பொருந்துபவருக்கு அவை ஒவ்வொரு முறையும் ஒரே பிடியைத் தரும். பொருந்தாதவருக்கு மேடுகள் விரலுக்கு அடியில் வந்து அமர்ந்து, ஒவ்வொரு சுடுதலிலும் உறுத்தும்; கவட்டையை மேலே ஏற்றவும் விடாது. ஐயம் இருந்தால் பள்ளமில்லாததையே வாங்கலாம்.

மேற்பரப்பில் வெட்டப்படும் குறுக்குக் கோடுகளுக்கும் அளவு உண்டு. கூர்மையான கோடுகள் ஈரக்கையிலும் நழுவாமல் பிடிக்கும். அதே கூர்மை, கனமான தோட்டாக்களைத் தொடர்ந்து சுடுகையில் தோலை உரித்துவிடும். ரூகர் சூப்பர் பிளாக்ஹாக், கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி போன்ற ஒற்றைச் செயல் ரிவால்வர்களின் வளைந்த கைப்பிடி, பின்னுதைப்பில் கைக்குள் உருண்டு மேலேறுமாறு அமைந்தது. இந்த உருளல்தான் அதிர்ச்சியைத் தணிக்கிறது. அத்தகைய துப்பாக்கியில் வழுவழுப்பான மரம் வேண்டும். பற்றிக்கொள்ளும் ரப்பர் அந்த வடிவமைப்பின் நோக்கத்தையே தடுத்துவிடும்.

இடப்பக்கத் தகட்டின் மேல்மூலையையும் பார்த்தாக வேண்டும். சிலிண்டர் இடப்புறம் திறக்கும் ரிவால்வர்களில், காலித் தோட்டாக் கூடுகள் வெளியேறும்போதும், எல்லாத் தோட்டாக்களையும் ஒருசேர நுழைக்கும் ஸ்பீட்லோடரைப் பயன்படுத்தும்போதும் அந்த மூலை குறுக்கே நிற்கும். நல்ல கைப்பிடிகளில் அங்கே ஒரு சரிவு குடைந்திருப்பார்கள்.

நான்காம் படி: பொருளைத் தேர்தல்

பின்னுதைப்பு அதிகமான துப்பாக்கிக்கு ரப்பரே முதல் தேர்வு. பாக்மேயர் நிறுவனத்தின் கைப்பிடிகளும், ஹோக் நிறுவனத்தின் ஒரே துண்டாலான மோனோகிரிப்பும் இதில் பரவலாக அறியப்பட்டவை. மாடல் 500 போன்றவற்றுக்கு வரும் சில ஹோக் கைப்பிடிகளில், பின்தண்டுக்கும் கவட்டைக்கும் இடையே அதிர்வை உறிஞ்சும் சார்போதேன் என்னும் மென்மையான பொருளை வைக்கிறார்கள். ரப்பரின் குறைகள் இரண்டு. உடைக்கு அடியில் துப்பாக்கியை ஏந்துபவருக்கு அது துணியைப் பற்றி இழுக்கும். மேலும், வியர்வையையும் ஈரத்தையும் அது உலோகத்தோடு சேர்த்து அடைத்துவைப்பதால், நீலப்பூச்சுள்ள எஃகுத் தண்டு வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும்.

மரத்தில் வால்நட் இலகுவானது, செதுக்குவதற்கு இணக்கமானது. ஸ்மித் அண்ட் வெசன் நெடுங்காலம் பயன்படுத்திய கொன்சாலோ ஆல்விஸ் கனமானது. கருங்கோடுகள் ஓடும் அழகும் உறுதியும் உடையது. ரோஸ்வுட், கோகோபோலோ ஆகியவை டால்பெர்ஜியா பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தப் பேரினம் முழுவதும் 2017 முதல் அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டஸின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததால், எல்லை கடந்து வாங்குபவர் ஆவணத் தேவையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யானைத் தந்தக் கைப்பிடிகளுக்கு இன்னும் கடுமையான தடைகள் உள்ளன. அந்தத் தோற்றம் வேண்டுபவருக்குச் செயற்கைப் பிசினில் செய்தவை போதும். கோகோபோலோவை வீட்டில் தேய்ப்பவர்கள் முகக்கவசம் அணிவது அவசியம். அதன் தூள் பலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்குகிறது.

மைக்கார்ட்டா, ஜி-10 ஆகிய அடுக்குப் பொருட்கள் ஈரத்தாலும் எண்ணெயாலும் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் அவற்றில் சிறிதும் நெகிழ்வு இல்லாததால் வடிவம் துல்லியமாக அமையாவிட்டால் மன்னிப்பே கிடையாது. முதன்முறை மாற்றுபவர், விலை குறைந்த ரப்பர் கைப்பிடி ஒன்றில் தமக்குரிய வடிவத்தை உறுதி செய்துகொண்டு, பிறகு அதே அளவில் மரத்திலோ ஜி-10இலோ செய்விப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

ஐந்தாம் படி: கழற்றுதலும் பொருத்துதலும்

திருகின் வெட்டுக்கு முழுமையாகப் பொருந்தும், பக்கங்கள் இணையாகத் தீட்டப்பட்ட திருப்புளி தேவை. ஆப்பு வடிவ முனை கொண்ட சாதாரணத் திருப்புளி நழுவி, திருகின் தலையையும் மரத்தையும் கீறிவிடும். திருகைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, அதன் தலையை மெல்ல அழுத்தினால் எதிர்ப்பக்கத் தகடு விடுபட்டு வரும். விளிம்பில் கூரான எதையாவது செருகி நெம்பினால் மரம் சில்லு பெயரும்.

ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்களில், கைப்பிடி கழன்றதும் முன்தண்டின் கீழ்ப்பகுதியில் இன்னொரு சிறிய திருகு தெரியும். அது சுத்தியலை இயக்கும் தகட்டுவில்லுக்கு இறுக்கம் தரும் திருகு. கைப்பிடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைத் தளர்த்தினால் சுத்தியலின் அடி வலுவிழந்து தோட்டா வெடிக்காமல் போகக்கூடும். ரூகர் ஜிபி100 கைப்பிடியைக் கழற்றுபவர், உள்ளே வைக்கப்பட்டிருக்கும் சிறிய முள்ளைத் தொலைத்துவிடக் கூடாது. துப்பாக்கியைப் பிரிக்கும்போது முதன்மை வில்லை அடக்கிவைப்பதற்கு உரியது அது.

புதிய தகடுகளைத் திருகு இல்லாமல் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். தண்டின் அடியிலுள்ள நிலைமுள், தகட்டின் துளையில் வலிந்து தள்ளாமல் இறங்க வேண்டும். பிரேமைத் தொடும் மேல்விளிம்பில் ஒளி புகும் இடைவெளி இருக்கக் கூடாது. இறங்க மறுத்தால் மரத்தின் உட்புறத்தில் எங்கே உரசுகிறது என்று கண்டறிந்து, அந்த இடத்தை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்கலாம். உலோகத்தில் கைவைக்கக் கூடாது. மோனோகிரிப் வகையில், ஒரு சிறிய உலோகக் கொக்கியை நிலைமுள்ளில் மாட்டி, கைப்பிடியைக் கீழிருந்து மேலே செருகி, அடித்திருகால் இறுக்க வேண்டும். மூடுவதற்கு முன் தண்டின்மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தேவை. மரத்தின்மேல் எண்ணெய் படியாமல் மீதியைத் துடைத்துவிட வேண்டும். திருகை உறுதியாக நின்றவுடன் நிறுத்திவிடலாம். அதற்குமேல் முறுக்கினால் மரம் விரிசல் விடும், ரப்பர் பிதுங்கும்.

கழற்றிய மூலக் கைப்பிடியைப் பத்திரப்படுத்துவது முக்கியம். பழைய ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்கள் பலவற்றில், வலப்பக்கத் தகட்டின் உட்புறத்தில் துப்பாக்கியின் வரிசை எண்ணே பொறிக்கப்பட்டிருக்கும். எண் பொருந்தும் கைப்பிடி இல்லாவிட்டால் சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பு குறைந்துவிடும்.

ஆறாம் படி: சோதித்தல்

சுடுதளத்திற்குச் செல்லும் முன், சிலிண்டரில் பயிற்சிக்கான போலித் தோட்டாக்களை இட்டு, பாதுகாப்பான திசையில் குறிவைத்து, இரட்டைச் செயலில் விசையை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். சுத்தியல் விழும் கணத்தில் முன்குறி இடப்புறமோ வலப்புறமோ அசைந்தால் விரல் விசையை நேராக இழுக்கவில்லை என்று பொருள். விசைத் தூரத்தில் பொருத்தமின்மை இருந்தால் இங்கேயே வெளிப்படும். சுத்தியல் பின்வரும் வழியில் கைப்பிடியின் மேல்விளிம்பு உரசுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

சுடுதளத்தில் மென்மையான தோட்டாக்களில் தொடங்கி, கனமானவற்றுக்குப் படிப்படியாகச் செல்வது முறை. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் காலியானதும் கையைத் திறந்து பார்த்தால், சிவந்த இடங்கள் கைப்பிடியின் குறையைக் காட்டிக்கொடுக்கும். நடுவிரல் முட்டியில் சிவப்பு என்றால் விசைக்காப்பின் பின்குழிவு போதிய அளவு நிரம்பவில்லை. கவட்டையில் குறுகிய கோடாகச் சிவந்தால் பின்புறம் மெலிந்திருக்கிறது. கட்டைவிரலின் அடிமூட்டில் வலி என்றால், விசையை எட்டுவதற்காகக் கை பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. பின்னுதைப்பு முன்கையின் நேர்கோட்டில் செல்லாமல் மூட்டின்மேல் இறங்குகிறது. இந்த மூன்றாவது அறிகுறியைப் பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. மெலிந்த கைப்பிடிக்கு மாறுவதே வழி. இந்தச் சோதனை முடிந்ததும் திருகை ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் கனமான தோட்டாக்களின் அதிர்வில் புதிய கைப்பிடி தன் இடத்தில் படியும்போது திருகு சற்றுத் தளர்வது வழக்கம்.